பிலிகுண்டுலுவுக்குக் கீழே: நம்ம லேப்டாப்புக்கு லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது யார்?

புரோகிராமிங் கத்துக்கணும், வேலைக்குப் போகணும், அதுக்கு எந்த லினக்ஸ் போடறது? உபுண்டுவா, டெபியனா, ஃபெடோராவா, ஆர்ச்சா? இதுக்கு நெட்ல டாப் டென் பட்டியல் கொட்டிக் கிடக்கு. அதுல பாதி, டெஸ்க்டாப் படம் எவ்வளவு அழகா இருக்குன்னு பார்த்து மார்க் போடறது. நான் இன்னைக்கு பட்டியல் போடப் போறதில்லை. நீங்களும் நானும் இந்தக் கேள்வியைக் கேக்குறதுக்கு முன்னாடியே தமிழ்நாட்டு அரசாங்கம் இதை ரெண்டு தடவை கேட்டு, ரெண்டு தடவையும் வேற வேற பதில் சொல்லியிருக்கு. அந்தக் கதைதான் இந்த எபிசோட். கடைசியில என் சிபாரிசும் உண்டு, கவலைப்படாதீங்க.

இந்த வாரம் ஒகேனக்கல்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி இரைச்சல் கேட்டா மைக் கோளாறுன்னு நினைக்காதீங்க, அது அருவி.

முதல்ல கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட்ல தன்னோட கர்னலைப் பத்தி முதல் தடவை வெளியே சொல்றார். கர்னல்னா எஞ்சின் மட்டும்தான். சீட் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. அந்த எஞ்சினோட குனு கருவிகள், கம்பைலர், எடிட்டர், இன்ஸ்டாலர் எல்லாத்தையும் சேர்த்து ஓட்டுற நிலைமைக்குக் கொண்டு வந்து கொடுக்கிற தொகுப்புக்குப் பேர்தான் டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமா டிஸ்ட்ரோ. 1992-ல ஜெர்மனியில சூசே கம்பெனி தொடங்குது. 1993-ல ஸ்லாக்வேர் வருது. அதே வருஷம் ஆகஸ்ட் 16-ம் தேதி இயன் மர்டாக் டெபியனை அறிவிக்கிறார். அப்போ காதலியா இருந்த டெப்ராவோட பேரையும் தன் பேரையும் ஒட்டி வெச்ச பேர் அது. அவங்க பின்னாடி கல்யாணம் பண்ணிப் பிரிஞ்சும் போயிட்டாங்க, டிஸ்ட்ரோ மட்டும் முப்பது வருஷம் தாண்டி ஓடிட்டிருக்கு.

இந்த மூணுல ரெண்டு, தமிழ்நாட்டு கவர்ன்மென்ட் ஸ்கூல் வரைக்கும் வந்து சேர்ந்தது.

முதல் தடவை, 2006, 2007 வாக்குல. அரசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கிற நிறுவனம் எல்காட். அங்க மேலாண்மை இயக்குநரா இருந்தவர் உமாசங்கர், ஐஏஎஸ் அதிகாரி. அவர் எடுத்த முடிவு: விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ். முதல்ல எல்காட்டோட சொந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்களை மாத்தினாங்க. அப்புறம் பள்ளிகளுக்கு வாங்கின ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் லினக்ஸோட போச்சு. அவங்க தேர்ந்தெடுத்தது சூசே. அந்த நேரத்துல சூசே அமெரிக்காவோட நாவெல் கம்பெனி கையில இருந்தது.

ஏன் டெபியன் இல்லை, ஏன் உபுண்டு இல்லைன்னு இன்னைக்கு உக்காந்து கேக்கலாம். ஆனா டெண்டர் போடற ஆளோட நிலைமையில இருந்து பாருங்க. ஆயிரக்கணக்கான பெட்டி. ஒரு பிரின்டர் ஓடலைன்னா யாருக்கு போன் பண்றது? டெபியனுக்குப் பின்னாடி கம்பெனியே கிடையாது, உலகம் பூரா தன்னார்வலர்கள். உபுண்டு அப்போதான் பிறந்த குழந்தை, முதல் வெளியீடு 2004 அக்டோபர்ல. சூசேவுக்குப் பின்னாடி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட ஒரு நிறுவனம் இருந்தது. நிறுவனங்கள் டிஸ்ட்ரோ தேர்ந்தெடுக்கும்போது தொழில்நுட்பத்தைவிட இதைத்தான் பார்க்கும். இன்னைக்கும் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸுக்கு கம்பெனிகள் காசு கொடுக்கிறது அதுக்காகத்தான். திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்.

அதே சமயம் சென்னையிலேயே வேற ஒரு வேலை நடந்துட்டிருந்தது. 2005-ல என்ஆர்சிஃபாஸ்ங்கிற தேசிய கட்டற்ற மென்பொருள் வள மையத்தை மத்திய அரசு தொடங்குது. ஒரு பாதி சி-டாக் சென்னை, இன்னொரு பாதி குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்துல இருக்கிற ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம். அங்கிருந்து 2007 ஜனவரியில வந்ததுதான் பாஸ் லினக்ஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்னு விரிவு. பேர்ல பாரத் இருக்கே, அடியில என்ன? டெபியன். அதுமேல இந்திய மொழி எழுத்துருக்கள், கீபோர்டு, மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்துக் கட்டினது.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாப் புரிஞ்சுக்கணும். இந்த ஊர்ல உக்காந்து சொல்றது எனக்கு வசதி. பாஸ் டெபியன்ல இருந்து வருது, உபுண்டு டெபியன்ல இருந்து வருது, மின்ட் உபுண்டுல இருந்து வருது. சாஃப்ட்வேர் ஆளுங்க இதை அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம்னு சொல்லுவாங்க. ஆத்தோட மேல்பக்கம், கீழ்ப்பக்கம். காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற இடத்துல பிலிகுண்டுலுனு ஒரு அளவை நிலையம் இருக்கு. மத்திய நீர் ஆணையம் அங்க எத்தனை கன அடி வருதுன்னு அளக்கும். அதைத் தாண்டினா ஒகேனக்கல். அதையும் தாண்டினா மேட்டூர், 1934-ல கட்டி முடிச்ச அணை. மேல கபினியிலயும் கிருஷ்ணராஜ சாகர்லயும் ஷட்டரைத் தூக்கினா, இங்க எங்களுக்கு பரிசல் ஓட்டத் தடை போடுவாங்க. எங்க மாமா பரிசல் ஓட்டுறவர். மழை எங்க பெய்யுதுன்னு அவர் இங்க வானத்தைப் பார்க்கவே மாட்டார், குடகு நியூஸைத்தான் பார்ப்பார்.

மேட்டூர்ல அப்படி இல்லை. வந்த வெள்ளம் தேங்கும், கசடு அடியில படியும், தேவைக்கு ஏத்த மாதிரி திறந்து விடுவாங்க.

டிஸ்ட்ரோவும் இதேதான். ஒரு கம்பைலரோ லைப்ரரியோ எழுதுறவங்க புது வெர்ஷன் விட்டதும் சில நாள்ல உங்க மெஷினுக்கு வந்துடுதுன்னா, நீங்க ஒகேனக்கல்ல நிக்கிறீங்க. ஆர்ச் லினக்ஸ், ஓப்பன்சூசே டம்பிள்வீட், டெபியன்லயே சிட்னு சொல்ற நிலையில்லாத கிளை, இதெல்லாம் அந்த ரகம். புதுத் தண்ணி, வேகமான தண்ணி. டெபியன் ஸ்டேபிள், உபுண்டு எல்டிஎஸ், ரெட் ஹாட் எல்லாம் மேட்டூருக்குக் கீழே. தண்ணி பழசு, ஆனா தெளிஞ்சது.

இது வெறும் உவமை இல்லை. 2024 மார்ச் 29-ம் தேதி ஞாபகம் இருக்கா? எக்ஸ்இஸட்னு ஒரு சின்ன கம்ப்ரஷன் மென்பொருள், எல்லா லினக்ஸ்லயும் இருக்கிறது. அதுல ஜியா டான்ங்கிற பேர்ல ஒரு ஆள் ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல பிள்ளையா வேலை செஞ்சு, நம்பிக்கை சம்பாதிச்சு, 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல திருட்டுக் கதவு ஒண்ணை வெச்சுட்டான். கண்டுபிடிச்சது ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட்னு ஒரு மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு தோண்டிப் பார்த்தார். அவர் ஓட்டிட்டிருந்தது டெபியன் சிட். அந்த வெர்ஷன் போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்க: சிட், ஃபெடோராவோட சோதனைக் கிளை, டம்பிள்வீட், ஆர்ச். எல்லாமே ஒகேனக்கல்ல நின்னவங்க. டெபியன் ஸ்டேபிளுக்கோ அப்போ வெளிவந்திருந்த உபுண்டு வெர்ஷன்களுக்கோ அது வரவே இல்லை. உபுண்டு 24.04 வெளியாக ஒரு மாசம்கூட இல்லாத நேரம் அது. அதோட பீட்டாவை ஒரு வாரம் தள்ளி வெச்சு பேக்கேஜ்களை எல்லாம் மறுபடி பில்ட் பண்ணினாங்க. ஆத்துல விஷம் கலந்தது தெரிஞ்சு அணைக்கு மேலேயே நிறுத்தின மாதிரி.

ஆனா இன்னொரு பக்கமும் சொல்லணும். அதைக் கண்டுபிடிச்சவரும் அருவி ஓரம் நின்னதாலதான் கண்டுபிடிச்சார். எல்லாரும் மேட்டூருக்குக் கீழேயே இருந்தா, வர்றதை யார் பார்ப்பா?

சரி, தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம். இரண்டாவது தடவை 2011. செப்டம்பர் 15-ம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் காக்களூர்ல அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினி திட்டத்தைத் தொடங்கி வைக்கிறார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு. ஐந்து வருஷத்துல 68 லட்சம் பேருக்குன்னு அறிவிப்பு. இதோட அளவை யோசிச்சுப் பாருங்க. பல குடும்பங்கள்ல டிவிக்கு அப்புறம் வீட்டுக்குள்ள வந்த முதல் ஸ்கிரீன் இதுதான். இந்தத் தடவை சூசே இல்லை. ஒரே ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு சிஸ்டம்: விண்டோஸ் ஒண்ணு, பாஸ் லினக்ஸ் ஒண்ணு. எல்காட்டோட முதல் பதில் 'விண்டோஸ் வேண்டாம்', இரண்டாவது பதில் 'ரெண்டும் இருக்கட்டும்'. விண்டோஸ் எதுக்குன்னு கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அப்பவே குரல் கொடுத்தாங்க.

ரெண்டும் இருக்கட்டும்ங்கிறது கேக்க நியாயமாத்தான் இருக்கும். நடைமுறையில என்ன ஆகும்? ஆன் பண்ணினா கறுப்புத் திரையில ரெண்டு வரி வரும். ஒண்ணுல, கடையில, பேங்க்ல, சினிமாவுல பார்த்த பேர் இருக்கும். இன்னொண்ணு யாருக்கும் தெரியாத பேர். யாரும் எதுவும் சொல்லித் தரலைன்னா பதினேழு வயசுப் பையன் எதை அமுக்குவான்?

நான் அந்த லேப்டாப் வாங்கின தலைமுறை. பென்னாகரம் பக்கம் ஸ்கூல், 2014-ல பிளஸ் டூ. எங்க செட்ல பாதிப் பேருக்கு மேல பாஸ் பக்கத்தை அழிச்சுட்டாங்க. காரணம் ரொம்ப எளிமை, அந்த இடத்துல இன்னும் சில படம் பிடிக்கும். டவுன்ல சர்வீஸ் கடைக்காரர் ஒருத்தர் ஃபார்மட் அடிச்சு திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுக்கிறதையே முழுநேர வேலையா வெச்சிருந்தார். சட்டப்படி விண்டோஸும் இருக்கு, சட்டப்படி லினக்ஸும் இருக்கு, ரெண்டையும் அழிச்சுட்டு காசு கொடுத்து திருட்டு விண்டோஸ்!

இதுல எனக்கு ரொம்ப வினோதமாப் படறது வேற. அந்த வருஷங்கள்ல பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ். ரைட்டர், கால்க், பேஸ், இம்ப்ரெஸ். நம்ம ஆளுங்களுக்கு மெனு பேரெல்லாம் மனப்பாடம். ஸ்டார் ஆபீஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விட்டது, 2010-ல சன் ஆரக்கிள் கைக்குப் போச்சு, 2011-ல ஆரக்கிள் அதை விக்கிறதையே நிறுத்திட்டாங்க. ஆனா அந்தப் பாடத்திட்டம் 2018-19 கல்வியாண்டு வரைக்கும் ஓடுச்சு. அதாவது செத்துப்போன சாஃப்ட்வேர்ல ஒரு தலைமுறை பப்ளிக் எக்ஸாம் எழுதுச்சு. ஆனா ஸ்டார் ஆபீஸோட வாரிசு சாகல. அதோட கோட்ல இருந்து ஓப்பன்ஆபீஸ் வந்தது, அதுல இருந்து 2010-ல லிப்ரே ஆபீஸ் வந்தது. அது எங்க இருந்தது? இலவச லேப்டாப்ல, யாரும் அமுக்காத அந்த ரெண்டாவது வரிக்குப் பின்னாடி. புக்ல இருக்கிற மெனு அப்படியே பைக்குள்ள இருக்கு, அதை அழிச்சுட்டு படம் ஏத்துறோம். பாடத்திட்டம் போட்டவங்களும் லேப்டாப் கொடுத்தவங்களும் ஒரே அரசாங்கம்.

அடுத்து இன்ஜினியரிங் காலேஜ். அங்க நிறைய லேப்ல டர்போ சி ப்ளஸ் ப்ளஸ். 1990-கள் தொடக்கத்துல டாஸுக்கு வந்த நீலத் திரை. புது விண்டோஸ்ல நேரா ஓடாது, டாஸ்பாக்ஸ்ங்கிற எமுலேட்டருக்குள்ள ஓட்டணும். கோனியோ ஹெட்டர், கிளியர் ஸ்கிரீன் ஃபங்ஷன், வாய்ட் மெயின், எல்லாமே வெளியுலகம் மறந்து பல வருஷம் ஆன பழக்கங்கள். டெபியன் வழியில வந்த எந்த லினக்ஸ்லயும் ஒரு வரி கட்டளையில ஜிசிசி வந்துடும், பைத்தான் சிஸ்டத்தோடவே வரும். இதுவும் அதே பைக்குள்ளதான் இருந்தது.

பக்கத்துல கேரளாவைப் பாருங்க. ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-ல தொடங்கினது, இன்னைக்கு அது கைட்ங்கிற நிறுவனம். அவங்க லினக்ஸை பள்ளிக்குக் கொண்டு போனபோது பாடப்புத்தகம், பரீட்சை, ஆசிரியர் பயிற்சி மூணையும் அதுக்குப் பக்கத்துலயே கொண்டு போனாங்க. இப்ப அவங்க விடற கைட் குனு லினக்ஸ் உபுண்டு மேல கட்டினது. டீச்சருக்குத் தெரிஞ்ச சிஸ்டம், பரீட்சையில வர்ற சிஸ்டம், மெஷின்ல இருக்கிற சிஸ்டம் மூணும் ஒண்ணு. நம்ம ஊர்ல மூணும் மூணு திசை. சூசே நல்லதா, பாஸ் நல்லதாங்கிற சண்டையே இங்க எனக்கு ரெண்டாம்பட்சமாத் தெரியுது. சுத்தி இருக்கிறவங்க எதை ஓட்டுறாங்களோ அதுதான் நிக்கும். 2018-ல வந்த புது பிளஸ் ஒன் புத்தகத்துல உபுண்டு வந்துச்சு, பிளஸ் டூவுல பைத்தான் வந்துச்சு. நல்ல புத்தகங்கள் அவை, தமிழ்லயே இருக்கு. ஆனா அது வந்து கொஞ்ச நாள்ல, கொரோனா காலத்தோட, லேப்டாப் வர்றது நின்னு போச்சு.

அந்தக் காலத்துல டிஸ்ட்ரோ தேர்ந்தெடுக்கிறதுன்னா என்னன்னு சின்ன வயசுக்காரங்களுக்குச் சொல்லணும். 700 எம்பி சிடி இமேஜ், எங்க ஊர் நெட் வேகத்துல ராத்திரி பூரா ஓடி விடியக்காலம் கரண்ட் கட்ல போயிடும். உபுண்டு ஷிப்இட்னு ஒரு சேவை வெச்சிருந்தாங்க, அட்ரஸ் கொடுத்தா சிடியை இலவசமா போஸ்ட்ல அனுப்புவாங்க. அதை 2011-ல நிறுத்திட்டாங்க. லினக்ஸ் ஃபார் யூனு ஒரு பத்திரிகை, கூடவே டிவிடி வரும். ஸோ, எந்த டிஸ்ட்ரோங்கிறது கொள்கை முடிவே இல்லை. எந்த சிடி கையில கிடைச்சதோ அது. இந்தியா முழுக்க உபுண்டு பரவினதுக்கு அந்த இலவசத் தபாலுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு நான் நம்பறேன். சென்னையில ஐஎல்யூஜிசி குழு ஐஐடியில கூடும், காஞ்சிபுரத்துல ஒரு குழு இருந்தது. 2012 ஜனவரியில கணியம் மின்னிதழ் தமிழ்ல வர ஆரம்பிச்சது. தருமபுரியில இருக்கிறவனுக்கு அந்தக் கூட்டமெல்லாம் நாலஞ்சு மணி நேர பஸ்ஸுக்கு அந்தப் பக்கம். கணியம் பிடிஎஃப் மட்டும் பென் டிரைவ்ல வந்து சேரும்.

இப்ப வேலைக்கு வருவோம். நான் பெங்களூர்ல ஒரு கம்பெனியில பேக்எண்ட் எழுதறேன். வேலை உலகத்துல டிஸ்ட்ரோ தேர்வுன்னா என்னன்னு எனக்குப் புரிய வெச்சது சென்ட்ஓஎஸ். ரெட் ஹாட்டோட அதே கோட், காசு இல்லாம. 2004-ல இருந்து பாதி உலகத்து சர்வர்கள் அதுல ஓடுச்சு. 2019-ல சென்ட்ஓஎஸ் 8 வந்தப்ப 2029 வரைக்கும் ஆதரவுன்னு எல்லாரும் கணக்குப் போட்டாங்க. 2020 டிசம்பர் 8-ம் தேதி அறிவிப்பு வருது: 2021 கடைசியோட முடியுது, இனிமே சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்தான். அதாவது ரெட் ஹாட்டுக்குக் கீழ இருந்ததைத் தூக்கி ரெட் ஹாட்டுக்கு மேல வெச்சுட்டாங்க! மேட்டூர் தண்ணின்னு நம்பி வயல் போட்டவனுக்கு, நாளையில இருந்து உன் வாய்க்கால் ஒகேனக்கல்ல இருந்துன்னு சொன்னா எப்படி இருக்கும்? சென்ட்ஓஎஸ் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான கிரிகோரி கர்ட்சர் உடனே ராக்கி லினக்ஸை அறிவிச்சார், இன்னொரு பக்கம் அல்மாலினக்ஸ் வந்தது. உலகம் பூரா இன்ஜினியர்கள் மைக்ரேஷன் பண்ணி ராத்திரிகளைத் தொலைச்சாங்க.

சூசேவோட கதையும் கொஞ்சம் இப்படித்தான். நாவெல் வாங்கினது 2003-ல அறிவிச்சாங்க, 2006 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட்டோட ஒரு ஒப்பந்தம் போட்டு கட்டற்ற மென்பொருள் உலகத்தையே கோபப்படுத்தினாங்க, அப்புறம் நாவெலே வேற கம்பெனிக்குப் போச்சு. கம்பெனி பின்னாடி இருக்குன்னு தேர்ந்தெடுத்தா, அந்தக் கம்பெனி கை மாறினா நீங்களும் சேர்ந்து கை மாறுவீங்க. டெபியனுக்கு வாங்க விக்க ஆளே இல்லை. எல்காட் டெண்டர் போட்டப்ப அது பலவீனமாத் தெரிஞ்சிருக்கும். இருபது வருஷம் கழிச்சு, பாஸுக்கும் உபுண்டுவுக்கும் அடியில நிக்கிறது அதுதான். பாதுகாப்பு அமைச்சகம் 2023-ல விண்டோஸை மாத்தப் போறதா செய்தி வந்த மாயா ஓஎஸ்கூட உபுண்டு மேல கட்டினது, அப்போ அதுக்கும் அடியில டெபியன்தான்.

சித்தப்பா பையன் ஒருத்தன் இங்க பாலிடெக்னிக் முதல் வருஷம். அக்காவோட பழைய இலவச லேப்டாப் அவன் கையில இருக்கு, 2 ஜிபி ரேம். "அண்ணா, காளி லினக்ஸ் போட்டுத் தாங்க"ன்னு வந்தான். ஏன்டா காளின்னு கேட்டா, ரீல்ஸ்ல பார்த்தானாம், ஹேக்கர் எல்லாம் அதான் வெச்சிருக்காங்களாம். காளி பாதுகாப்புச் சோதனை பண்றவங்களுக்கான கருவிப்பெட்டி, தினப்படி சிஸ்டமா அதை ஓட்டாதீங்கன்னு அதைச் செய்யறவங்களே சொல்றாங்க. அதுவும் டெபியன் மேல கட்டினதுதான், அதுலயும் அருவி ஓரக் கிளை. அவனுக்கு டெபியன் ஸ்டேபிள், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போட்டுக் கொடுத்தேன். இன்ஸ்டாலரைத் தமிழ்லயே ஓட்டினோம். மொழிபெயர்ப்புல ஒண்ணு ரெண்டு இடம் சிரிப்பா இருந்தது, ஆனா அவனுக்குப் புரிஞ்சுது. "பார்ட்டிஷன்னா வயல்ல வரப்பு போடறதாண்ணா?"ன்னான். ஆமாடா.

சரி, நீங்க கேட்ட சிபாரிசு. புரோகிராமிங் வேலைக்குன்னா மூணு விஷயம் பாருங்க. நீங்க எழுதற கோட் கடைசியில எந்த சர்வர்ல ஓடுமோ, அதே குடும்பத்துல இருங்க. இந்தியாவுல ஸ்டார்ட்அப் பக்கம்னா பெரும்பாலும் உபுண்டு, டெபியன். பேங்க், டெலிகாம் மாதிரி இடம்னா ரெட் ஹாட் குடும்பம், அப்போ ஃபெடோராவோ அல்மாவோ பழகுங்க. அடுத்து, உங்க லேப்டாப்போட வைஃபை, கிராஃபிக்ஸ். போன மாசம் வந்த சிப்னா பழைய கர்னலுக்கு அது தெரியாது, அப்போ ஃபெடோரா மாதிரி புதுசு வேணும். அது ஆறு மாசத்துக்கு ஒண்ணு வரும், ஒவ்வொண்ணுக்கும் பதிமூணு மாசம்தான் ஆதரவு, அதனால அப்கிரேட் பண்ணிக்கிட்டே இருக்கணும். பழைய மெஷின்னா டெபியனோ லுபுண்டுவோ போதும்.

மூணாவதுதான் எனக்கு முக்கியம், யாருமே பட்டியல்ல போடறதில்லை. உங்க ஹாஸ்டல்ல, டீம்ல, தெருவுல யார் எதை ஓட்டுறாங்க? ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்கிரீன் கறுப்பாகி நின்னா கதவைத் தட்ட ஆள் இருக்கிற டிஸ்ட்ரோதான் உங்களுக்கு நல்ல டிஸ்ட்ரோ. யாருமே இல்லைன்னா உபுண்டு எல்டிஎஸ் போடுங்க, உங்க பிரச்சினை ஏற்கெனவே யாருக்கோ வந்து பதிலும் எழுதியிருப்பாங்க. ஐந்து வருஷம் ஆதரவு, ஒரு டிகிரிக்குப் போதும்.

பழைய பைத்தான் இருக்கே, பழைய நோட் இருக்கேன்னு ஸ்டேபிள் பக்கம் வர பயப்படறவங்களுக்கு: இன்னைக்கு மொழிகளோட வெர்ஷனை டிஸ்ட்ரோல இருந்து எடுக்கணும்னு கட்டாயமே இல்லை. கன்டெய்னர் இருக்கு, விர்ச்சுவல் என்விரான்மென்ட் இருக்கு. அடியில அணைத் தண்ணி, மேல ஒரு குடம் அருவித் தண்ணி. எங்க ஆபீஸ்ல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வேலை செய்யறோம். விண்டோஸை விட முடியாதவங்க டபிள்யூஎஸ்எல் வழியா உபுண்டு ஓட்டுங்க, குத்தம் ஒண்ணும் இல்லை.

இதை இப்ப ஏன் பேசறேன்னா, 2025 மார்ச் பட்ஜெட்ல தமிழ்நாடு அரசு மறுபடி லேப்டாப் அறிவிச்சது. இரண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு. இதைக் கேக்குறவங்கள்ல சிலர் கையில அது இருக்கும், சிலருக்கு வரும். அதுல எந்த சிஸ்டம் போட்டு வந்தாலும், முதல் வாரம் எதையும் அழிக்காதீங்க. 8 ஜிபி பென் டிரைவ் ஒண்ணு எடுத்துக்கோங்க, நான் சொன்னதுல ஒரு டிஸ்ட்ரோவை அதுல எழுதுங்க, லைவ் மோட்ல பூட் பண்ணுங்க. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓடும். வைஃபை வருதா, சவுண்ட் வருதா, மூடித் திறந்தா எழுந்திருக்குதா பாருங்க. வந்துச்சுன்னா டெர்மினலைத் திறந்து ஒரு ஹலோ வேர்ல்ட் எழுதி, பக்கத்துல உக்காந்திருக்கிற ஃபிரண்டுக்குக் காட்டுங்க. அவரையும் அதே டிஸ்ட்ரோவுக்கு இழுத்துட்டீங்கன்னா, ராத்திரி பதினொரு மணிக்குத் தட்டறதுக்கு ஒரு கதவு ரெடி.

அடுத்த எபிசோட்ல 1999 பிப்ரவரிக்குப் போறோம். தமிழ்நெட் 99 மாநாட்டுல பிறந்த தமிழ்99 கீபோர்டு, அது இன்னைக்கு லினக்ஸ்ல எப்படி ஓடுது, ஏன் நம்மள்ல பல பேர் இன்னும் இங்கிலீஷ்ல தட்டியே தமிழ் எழுதறோம்னு பேசலாம். வரட்டுமா.